மச்சானின் கேம்பர் வேனும் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டரியும்

கதிர்காமத்தில் 'அரோகரா' சொல்லிக்கொண்டே வேன் தள்ளிய அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு இந்த ஆடியில் கிடைத்தது.

தள்ளியவர்களில் பாதிப்பேர் பதுளை ஆட்கள். மீதிப்பேர் யாரென்று தெரியாது... முருகன் அனுப்பியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேன் என் மச்சானுடையது, அதாவது என் அக்காவின் கணவருடையது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தவரும் அவரேதான். வெட்டவெளியிலிருந்து மரநிழல் வரைக்கும் மூச்சு வாங்கத் தள்ளிய பிறகு, தலைமுழுக்கத் திருநீறு பூசிய ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இது ஓட்டோ கியரா?"

"ஆமாங்க."

"ஓட்டோ கியர் வண்டிய தள்ளினா ஸ்டார்ட் ஆகாதேங்க! அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

கூட்டம் கலைந்தது. ஒருவர் மட்டும் போகிற போக்கில் வேனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். கிண்டலா பக்தியா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

மச்சான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைவீடு ஒன்றில் பிறந்தவர். பதுளை டவுனில் ஹார்ட்வெயார் கடை போட்டு, தன் உழைப்பால் முன்னுக்கு வந்தவர். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் எல்ல டவுன் பக்கம் வெள்ளைக்காரர்கள் கட்டில் வைத்த வேன்களில் குடும்பம் நடத்துவதைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்கு ஆசை பிடித்துவிட்டது. நமக்கென்ன குறைச்சல்? ஒரு பழைய வேன் வந்தது. உள்ளே கட்டில் வந்தது, சிங்க் வந்தது, குட்டி பிரிட்ஜ் வந்தது. கூரையில் சுற்றிவர நீல லைட். பின்கண்ணாடியில் மயில். ஸ்பீக்கர்? அதற்கு ஒரு ஆள் படுக்கிற இடம்.

சரி, இத்தனைக்கும் கரண்ட்?

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். எஞ்சினை எழுப்புகிற பெட்டரி வேறு, வேனுக்குள் வீடு நடத்துகிற பெட்டரி வேறு. முதலாவது கல்யாண வீட்டு வாசலில் ஒரு சத்தம் போட்டு எல்லோரையும் எழுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிற ஆள். இரண்டாவது பின்பக்கம் நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற ஆள். 'டீப் சைக்கிள்' என்று கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான். கரண்ட்டை மெதுவாக, மணிக்கணக்கில் கொடுக்கும். இறங்கி ஏறி, இறங்கி ஏறித் தாக்குப்பிடிக்கும். அதைக்கூட ஈய பெட்டரி என்றால் பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. லித்தியம் என்றால் இன்னும் இறக்கலாம், பாரமும் குறைவு. இதையெல்லாம் வாசித்துவிட்டுப் போய் அக்கறையாகச் சொன்னேன்.

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, கரண்ட் இல்லாத லயத்துல கார் பெட்டரியில டிவி பாத்து வளந்தவன் நான். எனக்கே பெட்டரி பாடம் எடுக்குறியா? நீ போய்ப் பேப்பருக்கு எழுது."

உண்மைதான். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். கார் பெட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் டவுனில் சார்ஜ் ஏற்றி, ஒரு லயமே ஒரு காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், நெருக்கியடித்துப் படம் பார்க்கும். சரியாகச் சண்டைக் காட்சி வரும்போது படம் நாலு பக்கமும் சுருங்கி, சுருங்கி, தபால் முத்திரை அளவுக்கு வந்து செத்துப்போகும். வில்லன் பிழைத்தானா இல்லையா என்பதை மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிற அடுத்த லயத்து ஆட்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? கார் பெட்டரி பாதியில் காலை வாரும் என்பதைத்தானே? மச்சான் கற்றுக்கொண்டது, கார் பெட்டரியில் எல்லாம் ஓடும் என்பதை!

ஆகவே கட்டிலுக்கு அடியில் இரண்டு கார் பெட்டரிகள் குடியேறின. ஒன்று புதுசு, மற்றது கடை லொறியில் கழற்றிய பழசு. "புதுச பாத்து பழசும் ஒழுங்கா வேல செய்யும்" என்றார். நடந்தது தலைகீழ். சோம்பேறியோடு ஜோடி சேர்த்தால் சுறுசுறுப்பானவன் கெட்டுப்போவதுதானே உலக வழக்கம்? பெட்டரியும் அப்படியே. சேர்த்துப் போடுகிறவை ஒரே வகையாக, ஒரே வயதாக இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம் அதைவிட அழகு. பெட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் ஊற்ற வேண்டும் என்றேன். மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம மலை ஊத்துத் தண்ணிய விட சுத்தமான தண்ணி எங்கடா இருக்கு? போத்தல்ல அடைச்சு கொழும்புக்காரன் விக்கிற தண்ணியையா ஊத்துறது?" என்று, மலைத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து பிடித்து வந்து ஊற்றினார். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு அமிர்தம். அதில் கலந்திருக்கிற மண்ணுச்சத்து பெட்டரித் தகட்டுக்கு விஷம். ஊர்ப்பற்றைக் காட்ட எத்தனையோ இடம் இருக்கும்போது, மனுஷன் பெட்டரிக்குள்தானா காட்ட வேண்டும்?

கடைசியாக ஒன்று. எஞ்சின் பெட்டரியையும் இந்த இரண்டையும் ஒரே வயரில் சேர்த்துக் கட்டினார். நடுவே பிரித்து வைக்கிற சுவிட்ச் கிடையாது. "எல்லாம் ஒரே குடும்பந்தானே?" என்றார்.

கதிர்காமம் போய்ச் சேர்ந்தோம். பிரிட்ஜில் என்ன இருந்தது தெரியுமா? சோடா, தயிர், மூலையில் அக்காவின் இன்சுலின். அக்காவுக்குச் சீனி வியாதி. காலையும் மாலையும் ஊசி போட்டாக வேண்டும். அந்த மருந்தை நம்பித்தான் அவள் வந்திருந்தாள்.

அன்று பின்னேரம் மச்சான் கர்ணனாக மாறினார். ஹல்துமுல்லையிலிருந்து லொறியில் வந்த ஒரு கூட்டம் தயங்கித் தயங்கி, "அண்ணே, போன கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?" என்று கேட்டது. "என்னா கேள்வி? போடுங்க, போடுங்க!" வயர்கள் வாழைக்குலை மாதிரித் தொங்கின. நீல லைட் எரிந்தது. ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு மாணிக்க கங்கையின் மறுகரைக்குக் கேட்டது. "பிரிட்ஜ் ஓடணுங்க, பாத்துக்குங்க" என்று அக்கா ஒருமுறை சொன்னாள். "ஓடும், ஓடும்" என்றார்.

காலையில் வெறும் வயிற்றோடு பூசைக்குப் போனோம். வந்து ஊசி போட்டுச் சாப்பிடலாம் என்பது அக்காவின் கணக்கு. திரும்பி வந்து வேன் கதவைத் திறந்தால் உள்ளே சூளை. பிரிட்ஜில் சத்தமே இல்லை. அக்கா மருந்துக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"சுடுதுங்க, கெட்டுப்போச்சு" என்றாள்.

மச்சான் சிரித்து மழுப்பினார். "ஒரு வேள போடாட்டி என்னா? முருகன் இருக்காரு."

"முருகன் இருக்காரு. மருந்துதான் இல்ல."

அதன் பிறகுதான் வேனை ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார். 'டிக்' என்றது. ஒரே குடும்பம் அல்லவா? சாகும்போதும் ஒன்றாகவே செத்திருந்தன. அந்தத் தள்ளலும் அரோகராவும் அப்போது நடந்ததுதான்.

தள்ளி முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா ஒரு ஓட்டோவை மறித்து ஏறிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் நானும் ஏறினேன். பக்கத்துப் பார்மசியில் அவள் போடுகிற மருந்து இல்லை. அடுத்த டவுனான திஸ்ஸவுக்குப் போகச் சொன்னார்கள். வழியெல்லாம் திருவிழா நெரிசல். அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தாள். தாகம் அடங்கவில்லை. "தம்பி, கண்ணு மங்கலா இருக்குடா" என்றாள். பயந்துபோய் ஓட்டோக்காரரை அவசரப்படுத்தினேன். அவ்வளவு பயத்திலும் அந்த நீல லைட்டை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

திஸ்ஸவில் மருந்து கிடைத்தது. கடைக்குள்ளேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டாள். ஐஸ் போட்ட ஒரு சின்ன ரெஜிபோம், அதாவது தெர்மோகோல், பெட்டியும் வாங்கினாள். திரும்பி வருகிற வழியில் ஐஸ் உருகாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை மூடியைத் திறந்து பார்த்தாள். மச்சானைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்குக் கோபம் பெட்டரி மேல் இல்லை. லைட் எரிந்ததா? எரிந்தது. பாட்டுக் கேட்டதா? கேட்டது. ஊரான் போன் நிறைந்ததா? நிறைந்தது. எங்கள் வீடுகளில் ஊர் பார்க்கிற காரியத்துக்கெல்லாம் கரண்ட் இருக்கும். பெண்களின் வியாதி மட்டும் மிச்சம் மீதியில் ஓட வேண்டும். இல்லையா?

மச்சான் திருந்திவிட்டார். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. இப்போது வேனில் லித்தியம் டீப் சைக்கிள். எஞ்சின் பெட்டரியைப் பிரிக்க சுவிட்ச். எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மீட்டர். கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்களைக்கூட நிறுத்தி வைத்துப் பெட்டரிப் பாடம் எடுக்கிறார். ஹப்புத்தளைப் பக்கம் போய் இரண்டு நாள் தங்கியும் வந்தோம். பிரிட்ஜ் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. தயிர் கட்டியாக இருந்தது, சோடா பல் கூசுகிற குளிர்ச்சி.

அக்காவின் இன்சுலின் மட்டும் போகும்போதும் வரும்போதும் ரெஜிபோம் பெட்டியில், அவள் மடியில் இருந்தது.