டிஸ்சார்ஜ்

எனக்கு முதன்முதலில் அர்த்தம் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை டிஸ்சார்ஜ். எல்லையில் சண்டை முடிந்த மறுவருஷம் சித்தப்பா பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தார். பனியில் வலது காலின் விரல்கள் போயிருந்தன. டிஸ்சார்ஜ் ஆகி வந்திருக்கிறார் என்றார்கள்.

"டிஸ்சார்ஜ்னா இன்னா சித்தப்பா?"

"வூட்டுக்குப் போன்னு அனுப்பிட்றது" என்றார். அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். அவர் சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பில் காரம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தை மாதம், வயிற்றில் கட்டி என்று அம்மாவுக்குத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நைனா அங்கேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப்போவார். ஒருநாள் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸம்மா, "டிஸ்சார்ஜ் நிக்கவே இல்லியே" என்று டாக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. அம்மாவை வீட்டுக்கு அனுப்புவது நிற்கவில்லை என்று நினைத்து வராந்தாவுக்கு ஓடிப்போய்க் குதித்தேன்.

"அது வேறம்மா. புண்ணுல வடியுதே சீழு, அதுக்கும் அதான் பேரு" என்றார் சித்தப்பா.

வீட்டுக்குப் போவதற்கும் சீழுக்கும் ஒரே பேரை வைத்த இங்கிலீஷ்காரர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாசியில் ஒருநாள் டாக்டர் நைனாவைத் தனியே அழைத்துப் பேசினார். வெளியே வந்த நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு, "டிஸ்சார்ஜ் பண்றாங்களாம்" என்றார்.

"எது நைனா?" என்று ஜாக்கிரதையாகக் கேட்டேன்.

"வூட்டுக்கு."

வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அவளை இன்னும் அனுப்பவில்லையே, அந்த ஏக்கம் என்று நினைத்தேன்.

வாடகைக் காரில் திரும்பினோம். பின்சீட்டில் நைனாவின் மடியில் அம்மா தலைவைத்துப் படுத்திருந்தாள். முன்னால் டிரைவருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நான். எங்கள் ஊர்க் கோட்டை மலைகளுக்கு நடுவே ரோடு நுழைந்ததும், அம்மா தன்னைத் தூக்கி உட்காரவைக்கச் சொன்னாள். ராஜகிரி மலையை, மதிலோரம் மேய்ந்த ஆடுகளை, புல்லுக்கட்டோடு போன ஒருத்தியை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வேகமா போங்கண்ணா, வூடு வந்துடுச்சி" என்று டிரைவரை விரட்டினேன்.

"மெதுவா போவச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

டிரைவர் கண்ணாடியில் நைனாவின் முகத்தைப் பார்த்தார். கார் ஊர ஆரம்பித்தது. இத்தனை நாள் கழித்து வீட்டுக்குப் போகிறவள் ஏன் மெதுவாகப் போகச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.