தணிகாசலம் அண்ணன் எடுத்த பூக்கள்

பொம்மையார்பாளையத்து டீக்கடைக்காரர்தான் போன் செய்தார். அண்ணனின் பட்டன் போனில் கடைசியாக இருந்த எண் என்னுடையது. "பெரியவரு டீ வாங்கிட்டு பெஞ்சுல உக்காந்தாருங்க. அப்படியே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க, ஆனா..." என்று நிறுத்தினார். நான் வேலை பார்க்கும் எடைமேடையில் உப்பு லாரி ஒன்று நின்றிருந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. எடை போடாமலே எழுந்து வெளியே வந்து நின்றேன். உட்காரத் தெரியாத மனிதர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடி போய்விட்டார் என்பதை, அவரை அறிந்த உங்களைப் போலவே, என்னாலும் நம்ப முடியவில்லை. அன்று முதல் எனக்கும் இருப்பு கொள்ளவில்லை. இதை எழுதும்போதே பல முறை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன்.

மரக்காணத்து உப்பளங்களிலிருந்து லாரி ஓட்டிய யாருக்கும் தணிகாசலம் அண்ணனைத் தெரிந்திருக்கும். லோடு ஏறும்வரை மற்ற டிரைவர்கள் வண்டியின் நிழலில் துண்டை விரித்துப் படுப்பார்கள். அண்ணன் மட்டும் பாத்தி வரப்புகளில் நடந்துகொண்டே இருப்பார். "கொஞ்சம் உக்காருங்கண்ணே" என்றால், "நின்னா துரு புடிச்சுடும்பா. வண்டிக்கும் அதான், எனக்கும் அதான்" என்பார்.

அப்படிப்பட்டவரை வீட்டோடு கட்டிப்போட்டது அவர் மனைவி வசந்தா அண்ணிக்கு வந்த பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை. அண்ணன் லாரியை விட்டுவிட்டு அனுமந்தை வீட்டில் சமையலும் துவைப்புமாக இருந்தார். வீட்டின் பின்னால் அண்ணி வளர்த்த தோட்டம் இருந்தது. செம்பருத்தி, கனகாம்பரம், டேபிள் ரோஸ், நந்தியாவட்டை. வெளியூரிலிருந்து செம்மண் கொண்டுவந்து கொட்டி, பிள்ளையைப் போலப் பார்த்து வளர்த்தது. படி இறங்கிப் போய்ப் பார்க்க இப்போது முடியாது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அண்ணன் சொன்னால், "மூட்டையா நானு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர்கள் மகள் கல்லூரி நாளில் வைத்திருந்த சின்ன கேமரா ஒன்று அலமாரியில் கிடந்தது. பட்டனை அழுத்தினால் படம் வரும்; அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. தினமும் காலையில் அண்ணன் தோட்டத்தைப் படம் எடுத்து வந்து அண்ணியிடம் காட்டத் தொடங்கினார். ஒரு நொடி நிற்காத கை. எல்லாம் கலங்கலாக வரும். "இது செம்பருத்தியா, காத்துல பறக்கிற துணியா?" என்று அண்ணி கேட்பார். அவர் மறுபடி பின்பக்கம் ஓடுவார். நல்ல போன் ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். "போன்னா நடுவுல எவனாவது கூப்பிடுவான். பூவைப் பாக்கிறப்ப எவன்கிட்டயும் பேச முடியாதுப்பா" என்றார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் பக்கத்துக் கழுவெளி உப்பேரி நிரம்பி, உப்புத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபோது பின்பக்கம் வெள்ளை பூத்த மண்ணும் கருகிய குச்சிகளும்தான் மிச்சம். அண்ணியிடம் அண்ணன் அதைச் சொல்லவில்லை. "செடிக்கு ஒண்ணும் ஆவல" என்று சொல்லிவிட்டு, பழைய ஸ்கூட்டரில் கிளம்பினார். அன்று முதல் பொம்மையார்பாளையம், பெரிய முதலியார்சாவடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக அடுத்தவர் வீட்டுப் பூக்களைப் படம் எடுத்து வந்து, நம் வீட்டுப் பூ என்று காட்டினார்.

எனக்கு இது தெரிய வந்ததே ஒரு தகராறில்தான். பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீட்டின் கேட்டுக்குள் நுழைந்துவிட்டார். காவலாளி கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, "தெரிஞ்சவங்க யாரையாவது வரச் சொல்லு" என்று நிறுத்திவைத்திருந்தார். நான் போனபோது அண்ணன் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "ஏம்பா, நான் பூவையா பறிச்சேன்? இந்தக் கேமராவுல கிட்ட போனாத்தான் பூ வரும். அதுக்குத்தான் உள்ள போனேன்" என்றார். வீட்டுக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேமராவைத் தம் கையாலேயே கொடுத்து, "வெயில் ஏறறதுக்கு முன்னாடி வாங்க. அப்பதான் பூ நல்லா இருக்கும்" என்றார். திரும்பும்போது அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "வசந்தாகிட்ட சொல்லிடாதப்பா. தோட்டம் போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

காரியம் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் கொடுத்த கேமராவை எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே கால் தயங்கியது. படங்களைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? அண்ணி கேமராவை இடது கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்த வீட்டுப் பூ தம்பி இதெல்லாம்?"

நான் கேமராவை எட்டிப் பார்த்தேன்.

"பின்னாடி நீலச் செவுரு தெரியுது. நம்ம வீட்டுல ஏது நீலச் செவுரு? மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் அண்ணி அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா வீட்டுலயே உக்காந்துடுவாரு. எம் மூஞ்சியையே பாத்துக்கிட்டு எத்தினி நாளு இருப்பாரு? ரோட்டுல போனாதான் அவருக்கு மூச்சு. போயிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

"உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?"

அண்ணி முதன்முறையாகச் சிரித்தார். "அப்புறம் ஏன் செவுரு தெரியாம எடுக்க ஆரம்பிச்சாரு?"

சிரிப்பு அழுகையானது. நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "அந்தத் தோட்டத்தையெல்லாம் நான் பாக்கணும். தூக்கிக்கிட்டுப் போனாலும் பரவால்ல."

மகளும் நானும் அவரை ஆட்டோவில் ஏற்றி அழைத்துப் போனோம். பெரிய முதலியார்சாவடி வீட்டுக்கார அம்மா கேட்டை அகலத் திறந்து வைத்துக் காத்திருந்தார். செய்தி அவருக்கும் போயிருந்தது. வேலியோரம் அடுக்குச் செம்பருத்தி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. "இங்கதாங்க நிப்பாரு. ரொம்ப நேரம் நிப்பாரு" என்று செடியின் எதிரே காட்டினார். அங்கே மட்டும் புல் தேய்ந்து, வெறும் தரை தெரிந்தது.

அண்ணி பூவைப் பார்க்கவில்லை. கேமராவை என்னிடம் நீட்டி, "அந்த எடத்த ஒண்ணு எடு தம்பி" என்றார்.

எடுத்தேன். பிரிண்ட் போட்டு ஒன்றை அண்ணிக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றை எடைமேடை அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். பூ எங்கே என்று டிரைவர்கள் கேட்கிறார்கள். பூ இல்லை. எங்கள் தணிகாசலம் அண்ணன் அசையாமல் நின்ற இடம் அது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சாண் தரைதான்.