சாமந்தித் தோட்டத்தின் மூலையில் என் கையெழுத்து

அந்தக் கோடையில், ஓசூரில் நான் ஓய்வூதியம் வாங்கும் வங்கிக் கிளையில், எழுத்தர் ஒரு மைப்பெட்டியைத் திறந்து மேசையில் என் பக்கம் தள்ளினார்.

"பெருவிரலை வெச்சிடுங்க சார். ரெண்டு பேர் சாட்சி போட்டா முடிஞ்சுது."

உகாதிக்கு முன்பு எனக்கு லேசான பக்கவாதம் வந்து போயிருந்தது. காலும் பேச்சும் திரும்பிவிட்டன. வலது கை விரல்கள் மட்டும் இன்னும் விடுப்பிலேயே இருந்தன. காசோலையில் நான் போட்ட கையெழுத்து, வங்கியில் இருந்த மாதிரிக் கையெழுத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை.

"ரூல்படி சார்..." என்று ஆரம்பித்தார்.

"ரூல் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட முடியாதவர்களுக்குத்தான் விரல். எனக்கு முடியும். இன்றைக்கு முடியவில்லை, அவ்வளவுதான்."

காசோலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் மனைவி ஆட்டோ ஏறும்வரை பொறுத்திருந்தாள்.

"என்னாங்க, ஒரு விரலுக்கா இவ்ளோ வீம்பு?"

"ஒரு விரலுக்குத்தான்."

விரல் வைக்கிறவர்கள் மேல் எனக்கு எந்த இளக்காரமும் கிடையாது. ஆனால் எழுதத் தெரிந்தவனை எழுதத் தெரியாதவன் என்று பதிவது பொய்ப் பதிவு. லாரி உதிரிபாகத் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில், தப்பான பதிவுகளைத் திருப்பி அனுப்புவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எந்தக் கருவி, எவ்வளவு ஆழம் என்று எழுதிக் கீழே நான் கையெழுத்துப் போட்டால்தான் இரும்பு நகரும். நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் வங்கிக்குப் போய், தாம் உயிரோடு இருப்பதாக எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் என் கை என்னிடம் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அதே மைப்பெட்டி.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். பந்துக்கு வலு வந்ததே தவிர விரலுக்கு வரவில்லை. நான்கு கோடு நோட்டு வாங்கி எழுதிப் பார்த்தேன். பேனாவில் உள்ள கெட்ட குணம், கை நடுங்கினால் அந்த நடுக்கத்தையும் சேர்த்து எழுதிவிடும்.

என் மனைவி அப்போது சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் நடந்த எம்ப்ராய்டரி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் மதியம் அவளுடைய வட்ட ஃப்ரேமை எடுத்து ஊசியால் ஒரு குத்து குத்திப் பார்த்தேன். கை நடுங்கியது. ஊசி துணிக்கு மேலே அங்குமிங்கும் அலைந்தது. ஆனால் நான் குத்தும்வரை துணியில் எதுவும் பதியவில்லை. சரியான இடம் வந்ததும் குத்தினேன். அதோடு நின்றது. அடுத்த குத்துவரை எவ்வளவு வேண்டுமானாலும் நடுங்கிக்கொள்ளலாம். பேனாவிடம் இந்தப் பெருந்தன்மை கிடையாது.

"நானும் கிளாசுக்கு வரேன்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, திரும்ப உட்கார்ந்து சிரித்தாள்.

வகுப்பில் எல்லோரும் பெண்கள். நான் நுழைந்ததும் ஒருவர் கன்னடத்தில் ஏதோ சொல்ல, அறையே சிரித்தது. வீட்டில் துரத்திவிட்டார்களா என்று கேட்டிருந்தார். "இன்னும் இல்லை" என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ரகசியத்துக்கு இன்னொரு மொழியை நம்பக் கூடாது.

ஆசிரியை நாகர்கோவில் பக்கத்துக்காரர். கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் முதல் பாடம் ஒரு பூந்தோட்டக் காட்சி: மேலே வெறும் துணியே வானம், அதற்குக் கீழே மலைக்கோடு, பிறகு வயல், கடைசியாக முன்னால் பூக்கள். தூரத்தில் இருப்பதை முதலில் தைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதைக் கடைசியில். தூரத்துக்கு ஒற்றை இழை, பக்கத்துக்கு மூன்று இழை. இது எனக்குப் பிடித்தது. வரிசை உள்ள வேலை.

வீட்டில் உட்கார்ந்து செய்முறைத் தாள் தயாரித்தேன். பத்து: துணியை ஃப்ரேமில் இறுக்குதல். இருபது: படத்தைத் துணியில் இறக்குதல். முப்பது: மலை.

"ஏன் சார் பத்துப் பத்தா போட்டிருக்கிய?" என்றார் ஆசிரியை.

"நடுவில் எதாவது விட்டுப்போனால் பதினைந்து என்று செருகிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் அப்படித்தான்."

"பூ வைக்கதுக்கு இவ்வளவா!" என்று தாளை எல்லோருக்கும் காட்டினார். வகுப்பு அன்று ஒரு மணி நேரம் உருப்படவில்லை.

தாளின் முதல் வரியிலேயே நான் சறுக்கினேன். துணி மேளம்போல் இறுக வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். எங்கள் தொழிலில் இறுக்குவது என்றால், இதற்குமேல் திரும்பாது என்ற பிறகு இன்னொரு கால் சுற்று. விரலில் வலு இல்லாததால் குறடு வைத்து அந்தக் கால் சுற்றையும் கொடுத்தேன். மூங்கில் வளையம் படீரென்று பிளந்தது.

"சார், இது லாரி சக்கரம் இல்ல" என்றார் ஆசிரியை. "துணிக்கு மூச்சு விட இடம் குடுங்க."

"அப்புறம் மேளம் என்று ஏன் சொன்னீர்கள்?"

"அடிக்கதுக்குச் சொல்லல்லியே!"

இரண்டாவது ஃப்ரேமை விரலால் மட்டும் திருகினேன். அதை மேசை விளிம்பில் ஒரு கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். இப்போது இரண்டு கையும் சும்மா இருந்தன. வலது கை மேலிருந்து ஊசியைக் குத்தும், இடது கை கீழே வாங்கித் திருப்பி அனுப்பும். இடது கையாலேயே எல்லாம் தைத்துவிடலாமே என்று அவர் கேட்டார். இடது கை தைத்தால் இடது கைதான் தேறும் என்றேன்.

அவருடைய மாதிரிப் படத்தில் ஓட்டுவீடும், பெயர் தெரியாத ஊதாப் பூக்களும், பனி மூடிய மலையும் இருந்தன. அந்த மாதிரி மலையை ஓசூரில் யாரும் பார்த்ததில்லை. நான் தளி சாலையில் பேருந்திலிருந்து தெரியும் சாமந்தித் தோட்டத்தை வரைந்தேன். பின்னால் குவாரிக்காரர்கள் பாதி தின்ற கல்மலை.

"இடிஞ்ச மலைய யாராவது தைப்பாவளா?"

"பனிமலை வேண்டும் என்றால் இமயமலைக்காரர்கள் தைக்கட்டும்."

தேநீர்க் கடையில் என்னோடு ஓய்வு பெற்ற ஒருவர், "என்னப்பா, பூத் தைக்கிறியாமே! தலையில வெச்சிக்கவா?" என்று கேட்டார். "உனக்கு மாலைக்கு. முன்கூட்டியே" என்றேன். அதற்கப்புறம் அவர் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்.

மலைக்கோட்டைக் காம்புத் தையலில் போட்டேன். ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் பாதியிலிருந்து எழும். நூல் எப்போதும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். நான்கைந்து முறை பிரித்தேன். சாமந்திகள் முடிச்சுத் தையல்: ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்க வேண்டும். தொடக்கத்தில் என் பூக்கள் கொசு அடித்துப் போட்டதுபோல் இருந்தன. ஆடி கழிந்து மழை இறங்கிய சமயத்தில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசியைக் கீழே போடாமல் ஒரு வரிசை முடிக்கத் தொடங்கின. என் மனைவி ரப்பர் பந்தைப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்துவிட்டாள்.

தோட்டம் முடிந்தது என்று நான் எழுந்தபோது ஆசிரியை விடவில்லை. அவர் வகுப்பில், முடித்த துணியின் மூலையில் அவரவர் பெயரைத் தைத்தால்தான் ஃப்ரேமைக் கழற்றலாம். நான் தாளில் எழுதாத வேலை. செருகினேன்.

முதலில் பழைய ஆங்கிலக் கையெழுத்தைத் தைத்துப் பார்த்தேன். அவசரத்தில் பிறந்து அவசரத்திலேயே வளர்ந்த கையெழுத்து அது. ஒரே இழுப்பு, கடைசியில் வால்.

"இது என்ன சார், மண்புழுவா?"

பிரித்துவிட்டுத் தமிழில் முதலெழுத்தையும் பெயரையும் காம்புத் தையலில் போட்டேன். சின்னச் சின்னத் தையலாக, வளைவில் இன்னும் சின்னதாக. ஒரு வாரம் பிடித்தது. சதுரமும் சுழியுமாக, யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி, என் பெயர் சாமந்திக்குக் கீழே நின்றது.

அன்று மாலை பேனாவை எடுத்தேன். இந்தத் தடவை எழுதவில்லை, தைத்தேன். நுனியை வை, கொஞ்சம் இழு, நிறுத்து. மூச்சு. விட்ட இடத்தில் மறுபடி வை. துணியில் இருந்த அதே கையெழுத்து தாளில் வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். பழையது திரும்பி வராது என்று அப்போது தெரிந்துகொண்டேன். இனி மாற வேண்டியது என் கையல்ல, வங்கியின் பதிவு.

நவம்பரில் வரிசை வாசல்வரை நின்றது. அதே எழுத்தர், அதே மைப்பெட்டி.

"மாதிரிக் கையெழுத்தை மாற்ற வேண்டும். புது அட்டை கொடுங்கள்" என்றேன்.

"எதுக்கு சார் சிரமம்? விரல வெச்சா ரெண்டு நிமிஷம்."

"என்னிடம் நேரம் இருக்கிறது. தொழிற்சாலையே ஓய்வு கொடுத்திருக்கிறது."

அவர் உள்ளே போய் அதிகாரியை அழைத்துவந்தார். இளைஞர். அட்டையைக் கொடுத்தார். மூன்று முறை ஒன்றுபோல் போட வேண்டும். முதலாவதைப் போட்டேன். பின்னால் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, பேரு எழுதறீங்களா, கோலம் போடறீங்களா?"

"கோலந்தாம்மா. மிதிச்சிடாதீங்க."

இரண்டாவது. மூன்றாவதில் கடைசி எழுத்துக்கு முன்பு விரல் உதறத் தொடங்கியது. பேனாவைத் தூக்கிக் காத்திருந்தேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சார், மெதுவா இருக்கே..."

"மெதுவாகப் போடக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலாவது இருந்தால் காட்டுங்கள். வாசித்துக் கையெழுத்துப் போடுகிறேன்."

என் மனைவி பின்பக்க நாற்காலியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உதறல் நின்றது. நுனியை வைத்தேன். முடித்தேன்.

அவர் மூன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். மேலே, கீழே, மறுபடி மேலே. பிறகு உயிர்ச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். நான் உயிரோடு இருப்பதாக அதிலும் ஒரு தடவை தைத்துக் கொடுத்தேன். எழுத்தர் மைப்பெட்டியை மூடி அடுத்தவர் பக்கம் நகர்த்தினார்.

என் பெயருக்குக் கீழே அதிகாரி மேலொப்பமிட்டார். ஒரு கோடு, ஒரு சுழி, ஒரு கிறுக்கல். அதிலிருந்து அவர் பெயரை அவரைப் பெற்றவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது. அவரிடம் யாரும் விரலைக் கேட்கவில்லை.