எண்பத்தொன்பது புள்ளி ஐந்து

கண்ணாடிக் கடையில் என் அக்காவுக்குப் 'புள்ளி' என்று பட்டப்பெயர். ஜன்னல் அளவெடுக்கப் போனால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் டேப் வைத்து, இருப்பதிலேயே சிறிய அளவைப் புள்ளியோடு எழுதுவாள். பத்தொன்பதரை வருஷத்தில் அவள் அளந்த கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதற்குக் கிடைத்த மரியாதை இந்தக் கேலிதான்.

தொழிற்சாலைக்கு அனுப்பும் ஆர்டர் தாளை முதலாளி மாற்றினார். புள்ளிக்கு இடமில்லை, முழு சென்டிமீட்டர்தான். தாளை நிரப்புவது என் வேலை. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு ஜன்னல். அக்காவின் சீட்டில் எல்லாமே 89.5, 89.6.

"தொண்ணூறுன்னு போடு," என்றார் முதலாளி.

"தொண்ணூறுன்னா எண்பத்தொன்பதரையும் இருக்கலாம், தொண்ணூறரைக்குக் கொஞ்சம் கீழயும் இருக்கலாம் சார்," என்றாள் அக்கா. "கண்ணாடியச் சுத்தி ரப்பருக்குன்னு விடறதே அரை சென்டிமீட்டர். அதை இந்த முழு எண்ணே தின்னுடும்."

"அரை சென்டிமீட்டருக்கு எவ்ளோ பேச்சும்மா."

நான் தொண்ணூறு என்று எழுதினேன்.

தொழிற்சாலையில் அதில் ரப்பருக்கான அரையைக் கழித்தார்கள்; கண்ணாடி 89.5 அகலத்தில் வந்தது. ரப்பரோடு சட்டத்தில் ஒன்றுகூட இறங்கவில்லை. சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியைச் சீவவும் முடியாது. ஓரத்தில் கைவைத்தால் முழுசும் பொடிப்பொடியாகும். பள்ளிக்கூடத்து ஆள் கடைக்கு வந்து கத்தினார்.

"அளவெடுத்தது இந்தம்மாதான்," என்று முதலாளி பழியை அவள் தலையில் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவங்க எழுதின சீட்டு இருக்கா?"

சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. முதலாளியின் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"தொலஞ்சுபோச்சு சார்."

இரண்டு சம்பளமும் போனால் வீடு என்னாவது என்று யோசித்ததாகப் பின்னால் எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தேன், அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளிக்கு நியாயம் ஒரு கேடா?

மறுநாளே அக்காவை நிறுத்திவிட்டார்கள். கையில் ஓர் அனுபவச் சான்றிதழ். வீட்டில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"பத்தொன்பதரைக்கு இருபதுன்னு போட்டிருக்கான். இதுக்கு மட்டும் மனசு தாராளம்."

சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தாள்.

"சீட்டக் குடு," என்றாள்.

"எந்தச் சீட்டு?"

"மெல்லிசுச் சட்டைடா. நேத்து கடையிலேயே சீட்டு வெளிய தெரிஞ்சுது."

எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு அளவையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"எல்லாம் சரியாத்தான் எடுத்திருக்கேன்," என்று சொல்லி, அதை மடித்து என் பையிலேயே திருப்பி வைத்தாள்.