பதினோரு பத்தியும் மூன்று வரியும்

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் தமிழ் நூலகத்துக்கு இருந்தது ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாற்பது பேராவது வராவிட்டால் அதைக் காலி செய்ய வேண்டும் என்று குடியிருப்புச் சங்கம் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை, நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மின்னஞ்சல் அனுப்ப இன்டர்நெட் கடைக்குப் போனேன்.

கடையை நடத்திய பெண் டெல்லியில் பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. காதோரம் எப்போதும் ஒரு பென்சில். பலருக்குப் போகிற கடிதம் எதுவானாலும் முதலில் தனக்கு அனுப்பச் சொல்லி, உரக்கப் படித்துப் பார்த்த பிறகுதான் விடுவார். என் ஆங்கிலக் கடிதத்தில் பதினோரு பத்திகள்.

“அங்கிள், சண்டே வரணும்ங்கிறது ஒன்பதாவது பாராவுல இருக்கு. அதுவரைக்கும் யார் படிப்பாங்க?”

“நூலகத்தோட வரலாறு வேண்டாமாம்மா?”

அப்போது கரண்ட் போனது. யூபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது.

“அஞ்சு நிமிஷம்தான் தாங்கும். ஜல்தி சொல்லுங்க, அவங்க என்ன செய்யணும்?”

நான் கீச்சொலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். “வரணும்மா. வரலேன்னா அறை போயிடும்.”

“அச்சா, அதையே எழுதறேன்.”

பதினோரு பத்திகளும் போய், மூன்று வரிகள் வந்தன. இருபத்தாறாவது கீச்சில் அனுப்பினார். இருபத்தெட்டில் திரை இருண்டது.

ஞாயிறன்று மூன்று முறை எண்ணினேன். முப்பத்தொன்பது பேர். சங்கச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில் இன்டர்நெட் கடைப் பெண் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீ எப்படிம்மா?”

“எனக்கும்தான் லெட்டர் வந்துச்சே, அங்கிள்.”

நாற்பது என்று எழுதினேன். அறை நிலைத்தது. படிக்கத் தெரியாத புத்தகங்களுக்காக அவர் ஏன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார் என்பது மட்டும் இன்றுவரை என் கணக்கில் அடங்கவில்லை.