இடது பக்கத்துக் கம்பி

என் அக்கா விழுந்ததற்குக் காரணம் அவளுடைய சுத்தம். இதை ஆஸ்பத்திரியில் நான்கு பேரிடம் சொன்னேன். நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவருக்கும் புரியவில்லை, அல்லது, புரிந்துவிட்டால் வேலை கூடிவிடுமே என்று புரியாத மாதிரி இருந்தார்கள்.

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. அத்தான் போன பிறகு கிளமெண்டி வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். சமைப்பது, துவைப்பது, வாரம் ஒருமுறை பஸ் ஏறி டெக்கா மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்குவது எல்லாம் தானே செய்வாள். யார் வீட்டிலும் போய் உட்கார மாட்டேன் என்பது அவள் பிடிவாதம். நிமோனியா வந்து சேர்த்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. டிரிப்பைக் கழற்றிவிட்டு, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அன்று காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், வார்டுக் கழிவறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள்.

தஞ்சோங் பகாரில் இருக்கும் என் ஆபீசிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வார்டு மேனேஜர் நம் ஆள்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார்.

"அவங்க கம்பிய பிடிக்கலைக்கா. நாங்க ஃபர்ஸ்ட் டேவே சொல்லிட்டோம் லா, எந்திரிக்கும்போது பிடிச்சுக்கங்கன்னு."

விழுந்ததைப் பற்றி எழுதிய படிவத்தையும் காட்டினார். காரணத்துக்கு என்று கட்டங்கள் இருந்தன: நோயாளியின் பலவீனம், பொருந்தாத செருப்பு, மறதி, அறிவுரையைப் பின்பற்றாமை. கடைசிக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. சுவரைக் குற்றம் சொல்ல அதில் ஒரு கட்டமும் இல்லை.

ஆப்பரேஷன் முடிந்து மறுநாள் அக்காவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "கம்பி பக்கத்துலதானேக்கா இருந்துச்சு? பிடிச்சா என்ன?"

பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது லெஃப்ட் சைடுல இருக்குடி. கழுவுன கை. சோப்பு போடாத கையோட, அடுத்தவங்க பிடிக்கிற கம்பிய எப்படிப் பிடிக்கிறது?"

போய்ப் பார்த்தேன். கம்பி இடது பக்கச் சுவரில், ஒன்றே ஒன்று. தண்ணீர் பீச்சும் ஹோஸ் வலது பக்கம். கைகழுவும் தொட்டியும் சோப்பும் மூன்றடி தள்ளிக் கதவோரம். வலது கையால் ஹோஸ், இடது கையால் கழுவ வேண்டும். கழுவிய பிறகு அந்த இடது கைக்கு ஒரு சொட்டு சோப்பு வேண்டுமென்றால், எதையும் பிடிக்காமல் எழுந்து, ஈரத் தரையில் மூன்றடி நடக்க வேண்டும். டெக்காவில் சில்லறையைக்கூட இடது கையால் நீட்டாதவள் என் அக்கா. அவள் அந்தக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். அடுத்து வருகிறவருக்கு அழுக்கு ஒட்டக் கூடாது என்று நினைத்து விழுந்தவளுக்கு, சொல்பேச்சுக் கேளாதவள் என்று பெயர்.

அடுத்த கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தேன். அதில் கம்பி வலது பக்கம் இருந்தது! இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவரில் ஒரே குழாய்; ஒன்றை வரைந்து, அதையே திருப்பிப் போட்டு மற்றதைக் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கழிவறைக்குப் பக்கத்துக் கட்டில் கிடைக்கிறதோ அதைப் பொறுத்தது உங்கள் இடுப்பு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம்மவர்கள் கேலி பேசுவார்கள். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. இந்த ஊரில் தண்ணீரில் கழுவுகிறவர்கள் நேற்றா கப்பலிலிருந்து இறங்கினோம்? நாங்களும் மலாய்க்காரர்களும் எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறோம்! ஹோஸ் வைக்கத் தெரிந்தவருக்கு, அதைப் பிடிக்கிறவருக்கு இன்னொரு கையும் உண்டு என்று தெரியாமல் போனதா?

விழுந்ததைவிட மோசமானது பிறகுதான் நடந்தது. அக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடித்தால் போக வேண்டும். போனால் அந்த அறை. நர்ஸ் கொடுக்கும் தண்ணீரில் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, அவர் திரும்பியதும் முகம் துடைக்கும் பேசினில் ஊற்றிவிடுவாள். எனக்கே அப்போது தெரியாது. ஒரு வாரத்தில் சிறுநீரில் கிருமி, குளிர் காய்ச்சல். ஒரு மத்தியானம் நான் சோறு கொண்டு போனபோது என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றாள்.

சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு நேராக மேனேஜரிடம் போனேன். "தம்பி, ஒரு நிமிஷம் வாங்க."

கழிவறைக்குக் கூட்டிப்போய், மூடியை இறக்கி, அதன் மேல் உட்காரச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஹோஸை எடுங்க."

வலது கையால் எடுத்தார்.

"இப்ப கழுவுங்க. சும்மா காத்துலதான்."

"அக்கா..."

"கழுவுங்க தம்பி. வீட்டுல கழுவுற மாதிரி."

முகம் கறுத்துவிட்டது. இருந்தாலும் இடது கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"இப்ப கம்பிய பிடிச்சு எந்திரிங்க."

இடது கை கம்பியை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. உலர்ந்த கைதான். ஆனாலும் போகவில்லை. கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவும் இப்படித்தான்க்கா," என்றார். பிறகு சட்டென்று மேனேஜராகிவிட்டார். "ஆனா பில்டிங் டிராயிங் அப்படித்தான் வந்துச்சு. நான் ஃபீட்பேக் போடுறேன்."

ஃபீட்பேக் போட்டார், பொய் சொல்லக் கூடாது. பத்து நாளில் பலன் தெரிந்தது. கழிவறைச் சுவரில் நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: எழும்போது கைப்பிடியைப் பிடிக்கவும். பக்கத்தில் ஒரு படம். நரைத்த தலைப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். அதைக் கிழித்து எறியப் போனேன். அபராதத்துக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

காய்ச்சல் தெளிந்து, அக்கா வாக்கரோடு உட்லண்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தாள். இனித் தனியாக இருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை அவளிடம் நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. வந்த இரண்டு நாளும் தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கம்பி வாங்கினேன். பொருத்துவதற்கு வந்தவர் ஜொகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டி வேலைக்கு வரும் மலாய்க்காரர். கழிவறைக்குள் ஒரு பார்வை பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் வலது பக்கச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டார்.

"வலது பக்கம்தானே?" என்று மலாயில் கேட்டார். "இடது கையால் எப்படித் தொடுவார்கள்?"

உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் ஒரு சோப்புக் கிண்ணத்தையும் அவராகவே மாட்டிவிட்டார். எல்லாமாக அரை மணி நேரம். இதற்கு அவர் எந்த டிராயிங்கும் கேட்கவில்லை.

அக்கா உள்ளே போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர் ஓடி நின்றது. பிறகு வாக்கர் தரையைத் தட்டித் தட்டி வந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்க்கா."

அவள் திரும்பி அந்தக் கம்பியைப் பார்த்தாள்.

"இதுக்காடி என் இடுப்பு போச்சு?"