தொட்டியத்திலிருந்து ஒரு பரிசலும் ஒரு நாயும்

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆடி மாதம் எனக்குத் தொட்டியத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாற்றலாயிற்று. வீடு திருவரங்கத்தில் அமைந்தது. தட்டுமுட்டுச் சாமான்களோடு மனைவி லாரியில் முன்னரே போய்விட்டாள். எங்கள் நாய் ஜிம்மியையும் அதிலேதான் ஏற்றினோம். அது குதித்து ஓடிவந்துவிட்டது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குச் செல்லும் வண்டியில் அதனுடன் ஏறினேன்.

"நாய் எறங்கட்டும் சார். இல்லேன்னா ரெண்டு பேரும் எறங்குங்க" என்றார் நடத்துநர். வண்டி முழுவதும் சிரித்தது. இருவரும் இறங்கினோம்.

மேட்டூர் அணை திறந்து காவிரி கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்த காலம். ஆற்று வழியே போய்விடுவதென்று முடிவு செய்தேன். திருவரங்கத்துப் படித்துறையான அம்மா மண்டபம் வரை பரிசல்காரர் முத்துச்சாமி நாற்பது ரூபாய் கேட்டார். திரும்புகையில் பரிசலை லாரியில் ஏற்றிவர வேண்டுமே என்பது அவர் நியாயம். ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பரிசல் என்பது மூங்கிலால் முடைந்து, தார் பூசிய சாக்கினால் போர்த்திய வட்டக் கூடை. விளிம்பில் யார் சாய்ந்தாலும் அது அந்தப் பக்கம் தாழ்ந்து சுழலும். ஜிம்மியோ ஒவ்வொரு கொக்குக்கும் விளிம்பில் முன்கால்களை வைத்து எழுந்து நின்றது.

"நடுவுல உக்கார வைங்க சார். இது நம்ம ரெண்டு பேரையும் மீனுக்குத் தீனியா குடுத்துரும்" என்றார் முத்துச்சாமி.

கயிற்றால் அதனைப் பரிசலின் மூங்கிற் பிளாச்சில் கட்டினேன். கட்டிய இடத்திலிருந்தே அது முத்துச்சாமியின் தூக்குவாளியைத் திறந்து, புளிச்சோற்றையும் பொரித்த கெளுத்தியையும் உண்டு முடித்தது. என் இட்லிப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, நாய்க்கு எட்டாதபடி தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

முசிறித் துறையில் சற்றே அவிழ்த்துவிட்டேன். நீரில் புரண்டெழுந்த ஜிம்மி, குளித்து உலர்ந்த சேலை உடுத்தி நின்ற ஓர் அம்மாளின் அருகே சென்று உடலைச் சிலுப்பியது.

"யாரு வீட்டு நாய் இது?" என்று அவர் கத்தினார்.

நான் எதிர்க்கரைக் குளித்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாரோடதுதாங்க" என்றார் முத்துச்சாமி.

மாலையில் முக்கொம்பு அணை. மதகுகளைப் பரிசல் கடக்க வழியில்லை. முத்துச்சாமி அதனைக் குடைபோல் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைவழி நடந்தார். மூட்டையுடன் நான் பின்தொடர்ந்தேன். அணைக்குக் கீழே ஒரு கொட்டகையில் தங்கி, விடியலில் மீண்டும் நீரில் இறங்கினோம்.

பத்து மணி அளவில் திருவரங்கத்துக் கோபுரங்கள் தென்னைகளுக்கு மேலே தெரிந்தன. அம்மா மண்டபத்தை நெருங்கியதும், பயணம் முடிந்ததென்ற நிறைவில் கயிற்றை அவிழ்த்துக் கையில் தளரப் பிடித்துக்கொண்டேன்.

படித்துறையின் கீழ்ப்படியில் ஈர வேட்டியுடன் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். அவர் காலடியில் ஒரு வாழையிலை. அதில் எள் கலந்த பிண்டங்கள். "கா... கா..." என்று கைகளை உயர்த்திக் கூவிக்கொண்டிருந்தார். மண்டபக் கைப்பிடிச் சுவரில் காகங்கள் வரிசையாக அமர்ந்திருந்தும் ஒன்றும் இறங்கவில்லை. குரல் கம்மிப்போயிருந்தது. மேற்படியில் சாஸ்திரிகள், "இன்னொரு தரம் கூப்பிடுங்கோ" என்றார்.

அப்போது ஒரு காகம் இறங்கியது. படியில் தத்தி இலையை நோக்கி வந்தது. அவர் மூச்சை அடக்கி நின்றார். காகம் அலகைத் தாழ்த்திய அந்தக் கணத்தில் கயிறு என் கையை உருவிக்கொண்டு போயிற்று. ஒரே பாய்ச்சல். காகங்களெல்லாம் கலைந்து பறக்க, மூன்று பிண்டங்களையும் ஜிம்மி விழுங்கி இலையையும் நக்கியது.

"போச்சு! நாய் வாய் வச்சுடுத்து" என்று சாஸ்திரிகள் எழுந்தார். "நாயைக் கட்டத் தெரியாதவருக்குப் பரிசல் சவாரி ஒரு கேடா?" என்றாள் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி. "பைரவரே வந்து சாப்பிட்டாருன்னு நெனச்சுக்குங்க" என்று முத்துச்சாமி ஆறுதல் சொல்ல முயன்றார்.

"எங்கப்பா நாயை வாசப்படி ஏற விடமாட்டாருங்க" என்றார் ஈர வேட்டிக்காரர். அவரிடம் கோபம் இல்லை. "தலைத்திதி சார். வாழைக்கொல்லையை விட்டுட்டுத் திருவெறும்பூருக்கு ஃபேக்டரி வேலைக்குப் போனேன்னு கடைசிவரை எங்கிட்டப் பேசாமலே போயிட்டாரு. காக்கா எடுத்துச்சான்னு கேக்க அம்மா வீட்ல பட்டினியா உக்காந்திருக்காங்க."

நான் கைகூப்பினேன். முத்துச்சாமி கயிற்றின் நுனியை எட்டிப் பிடித்து ஜிம்மியைப் பரிசலுக்குள் இழுத்துப் போட்டார்.

"மாவு இருக்கு. ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ, மறுபடி வைக்கலாம்" என்றார் சாஸ்திரிகள். படியில் உதவுவதற்காக இறங்கப் போனேன். அந்த மனிதர் கையை நீட்டித் தடுத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த நாய் இங்க இருக்கிறவரைக்கும் ஒரு காக்கா எறங்காது. நீங்க போயிருங்க சார்."

முத்துச்சாமி துடுப்பை ஊன்றினார். திருவரங்கத்து மண்ணில் கால் வைக்காமலே எதிர்க்கரை ஓடத்துறையில் இறங்கி, ஜிம்மியுடன் காவிரிப் பாலத்தின் வழியாகத் திருவரங்கத்தை நோக்கித் திரும்பி நடந்தேன். பாலத்தின் நடுவிலிருந்து மேற்கே படித்துறை சிறிதாகத் தெரிந்தது. வெள்ளை வேட்டி மீண்டும் கைகளை உயர்த்தி நின்றது. அதற்கு மேலே கரும்புள்ளிகள் வட்டமிட்டன.

ஜிம்மி அவற்றைக் கண்டு உறுமத் தொடங்கியது. நடைபாதையில் மண்டியிட்டு அதன் வாயை இரு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டேன். அத்தனை தொலைவுக்குக் குரைப்பொலி எட்டாது என்பதை நான் அறிவேன். கடந்து சென்ற பேருந்தொன்றிலிருந்து யாரோ, "என்ன சார், பல்லு புடுங்குறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

படித்துறையில் அந்த வெள்ளை உருவம் திடீரென்று மடங்கி உட்கார்ந்தது. காகம் எடுத்ததனால் வணங்கினாரோ, கால் ஓய்ந்துபோய் அமர்ந்தாரோ, அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. நெடுநேரம் ஜிம்மியின் வாயிலிருந்து கையை எடுக்காமலே இருந்தேன்.